பதிவு பெற்ற நாத்திகர்

என்னிடம் ஒரு நாத்திகர் இருந்தார். பதினோரு வருடம் வைத்திருந்தேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் நானூறு குடும்பம் இருந்தும் வேறு யாரிடமும் அப்படி ஒருவர் கிடையாது. போன வருடம் தவக்காலத்தில் அவரைத் திருச்சபைப் பணிக்குழு ஒன்று எடுத்துக்கொண்டது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அதில் குத்திய முத்திரையைச் செய்துகொடுத்தவனும் நான். அப்போது யாரிடம் போய் அழுவது என்று தெரியவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை. 'சகாயம் ரப்பர் ஸ்டாம்ப்' என்று போர்டு இருக்கும். சகாயராஜ் என்று முழுப்பெயரைப் போட இடம் போதவில்லை. ஊராட்சித் தலைவர் முதல் பத்திர எழுத்தர் வரை பலருடைய அதிகாரமும் என் கடையில்தான் ரப்பரில் தயாராகிறது. அடுத்த கடை கோதண்டபாணி அண்ணனுடையது. கரும்புக்கும் மல்லாட்டைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்ட அவரிடம்தான் கொண்டுவருவார்கள். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கடவுள் இல்லை என்பார். ராமர் பெயரை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்டால், "மாத்திக்கினா, அந்தப் பேருல ஒருத்தரு இருந்தாருன்னு நானே ஒத்துக்கினாப்புல ஆயிடும்பா" என்பார்.

எங்கள் பழக்கம் தொடங்கியது ஒரு ஆடிக் காற்றில். என் கடை போர்டில் வைத்திருந்த தகரச் சிலுவை பிய்த்துக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிள் மேல் விழுந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "சகாயம், இது தெரிஞ்சி விழுந்திச்சா, தெரியாம விழுந்திச்சா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு துரைக்கண்ணு டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. பதில் தெரியாவிட்டால் வாய்தா கேட்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் வாய்தா இல்லை.

இந்தப் பதினோரு வருடத்தில் வேதப்புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை மூன்று முறை படித்திருக்கிறேன். ஒரு முறைகூடப் பக்தியால் அல்ல. எல்லாம் அவரை மடக்குவதற்காக. என் மனைவி ஜெசிந்தா விடிகாலையில் நான் விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு முதல் வருடம் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வருடம் காரணம் தெரிந்ததும், "சாமிக்காகப் படிக்கிறீங்கன்னு அன்பியத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்பியம் என்பது எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை நடத்தும் ஜெபக் கூட்டம்.

போன வருடம் தவக்காலம் பிறந்த வாரத்தில் அண்ணன் ஒரு கேள்வி போட்டார்.

"உங்க கடவுளு தன்ன பொறாமக்காரர்னு தானே சொல்லிக்கிறாரு. படிச்சியா?"

"படிச்சேண்ணா."

"எல்லாத்தயும் வச்சினு இருக்கிறவருக்கு எதுக்குய்யா பொறாம? இல்லாதவனுக்குத்தான பொறாம வரும்?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். கிளாஸைக் கழுவிக்கூட வைத்தேன். வாய்தா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வாய்தா முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பூசையில் எங்கள் பங்குசாமியார் ராஜாமணி ஃபாதர் மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றை வாசித்தார். இந்த ஆண்டு 'நாத்திகரோடு உரையாடல் ஆண்டு' என்று அறிவித்திருந்தார்கள். மேலிடம் ஆண்டுதோறும் இப்படி ஒன்றை அறிவிக்கும். அதற்கு முந்தைய ஆண்டு தண்ணீர் ஆண்டு. அந்த ஆண்டு முழுக்கக் கோயில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இப்போது விழுப்புரத்தில் 'நாத்திகர் உரையாடல் பணிக்குழு' தொடங்கியிருப்பதாகவும், நாற்பத்து மூன்று பங்குகளும் குருத்து ஞாயிறுக்குள் ஆளுக்கொரு நாத்திகரை அனுப்ப வேண்டும் என்றும் ஃபாதர் சொன்னார்.

"நம்ம பங்குல யாருக்காவது நாத்திகர் தெரியுமா?" என்று கேட்டார்.

நாத்திகரைத் தெரியும் என்று கோயிலில் எழுந்து சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். எங்கள் அன்பியத் தலைவி அம்சாவுக்கு அது எப்போதும் உண்டு.

"சாமி, நம்ப சீலு சகாயம்கிட்ட ஒருத்தரு இருக்காரு. நல்ல நாத்திகரு. பேச்சு சுத்தமா இருக்கும்."

நானூறு குடும்பமும் திரும்பி என்னைப் பார்த்தது. இருபது வருடமாகக் கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத தூணோரம் நிற்கிறவன் நான். பூசை முடிந்ததும் பங்குப்பேரவைக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது என்று இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை.

மற்றப் பங்குகள் திண்டாடின. வளவனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுபோனார்களாம். கடவுள் இல்லை என்கிறீர்களா என்று கேட்டதற்கு, "இருக்காருங்க. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்த இல்ல" என்றாராம். இன்னொரு பங்கு அனுப்பியவர் நன்றாகத்தான் வாதாடினார். நடுவில் ஒரு இடி இடித்தது, கை தானாகச் சிலுவை போட்டுவிட்டது. பனமலைப் பக்கத்து உபதேசியார் ஒருவர் எனக்கு போன் செய்து, "உங்காளு சும்மா இருக்கிறப்ப ஒரு வாரம் அனுப்பி வைங்களேன்" என்று கெஞ்சினார். நான் முடியாது என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அண்ணன் சம்மதித்தார். "வாதம்தான? யார்கூட இருந்தா இன்னா" என்றார். அந்த வார்த்தை எனக்கு லேசாக உறுத்தியது.

விண்ணப்பம் எட்டுப் பக்கம். மேலிடத்தில் எல்லாப் படிவங்களையும் ஞானஸ்நானப் படிவத்திலிருந்து திருத்தித்தான் தயாரிப்பார்கள். அதனால் முதல் பக்கத்திலேயே ஞானத்தந்தை பெயர் கேட்டிருந்தது. நாத்திகருக்கு ஞானத்தந்தை எதற்கு என்று ஃபாதரைக் கேட்டேன். "காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க சகாயம், நீங்களே போட்டுடுங்க" என்றார். போட்டேன். மூன்றாம் பக்கத்தில் அன்பியத்தின் பரிந்துரைக் கடிதம். அது வேண்டுமானால் தொடர்ந்து மூன்று அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே கடவுள் இல்லை என்பதை நிரூபிக்க அண்ணன் மூன்று ஜெபக் கூட்டங்களில் உட்கார்ந்தார். கேசரி சாப்பிட்டார். பாடும்போது எழுந்து நின்றார். அம்சா வீட்டு மிக்சி மோட்டாரைச் சரிசெய்தார். அம்சா மனமாரக் கடிதம் எழுதிக்கொடுத்தாள்: 'மேற்படி கோதண்டபாணி எங்கள் அன்பியத்துக்குத் தவறாமல் வந்து நல்ல நாத்திகராக நடந்துகொண்டார் என்று சான்றளிக்கிறேன்.'

நேர்காணல் விழுப்புரத்தில். நானும் அண்ணனும் பஸ்ஸில் போனோம். கூட்டேரிப்பட்டில் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். விக்கிரவாண்டி தாண்டும்போது, "படிவ வேலைக்காக நீட்டிச்ச உன் வாய்தா நாளையோட முடியிது" என்று ஞாபகப்படுத்தினார். எங்கள் கடைசி நல்ல பயணம் அதுதான்.

பணிக்குழுச் செயலாளர் பேராசிரியர் சின்னதுரை, ஓய்வு பெற்றவர். மேசையில் அவருக்கு முன்னால் ஏழு கோப்புகள். ஒவ்வொன்றிலும் கேள்விகள், பதில்கள், அமர்வு வாரியாக.

"கடவுள் இல்லைங்கிறதுல உறுதியா இருக்கீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இருக்கேங்க."

"இடையில சந்தேகம் வந்துடாதே? சந்தேகப்படுறவங்களுக்கு வேற பணிக்குழு. அந்தக் கோப்பு எங்ககிட்ட இல்ல."

"வராதுங்க."

"சந்தோஷம். உங்களை மாதிரி விசுவாசமான ஆள்தான் எங்களுக்குத் தேவை."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"நான்தாங்க இவர்கூட வாதாடுறவன். பதினோரு வருஷமா."

"ஒன்பது நாள் பயிற்சி முடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. பதினோரு வருஷம்…"

"வருஷக் கணக்கெல்லாம் சான்றிதழ்ல வராதுங்க." அவர் படிவத்தைப் புரட்டினார். "உங்களுக்கு இதுல ஒரு இடம் இருக்கு. 'கொண்டுவந்தவர்'. அங்க கையெழுத்துப் போட்டா போதும்."

போட்டேன். அவர் பதினான்காம் விதியை வாசித்துக் காட்டினார். பதிவு பெற்ற நாத்திகரோடு சான்றிதழ் பெறாத விசுவாசிகள் தனியே விசுவாசம் குறித்து உரையாடக் கூடாது. நாத்திகரும் உரையாட மாட்டேன் என்று உறுதியளிக்க வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் சின்னதுரை சார். "இவ்வளவு நல்ல நாத்திகர் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. தப்பான பதில் ஏதாவது சொல்லி அவர் மனசு மாறிட்டார்னா விவாதத்துக்கு ஆள் இல்லாமப் போயிடும்."

அண்ணனும் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் போட்டார், என்னை நம்பி. 'பதிவு பெற்ற நாத்திகர்' என்று வட்ட முத்திரை, நடுவில் ஒரு விளக்குப் படம். நான்தான் முந்தின வாரம் செய்துகொடுத்தது. மை சீராகப் பரவியிருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு பெஞ்சுக்குப் போனேன். அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "பேசக் கூடாதுப்பா" என்றார்.

"சும்மா வாண்ணா. யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்கலதான். மேல ஒருத்தரு பாக்குறாருன்னு நீ நம்புற, தப்பு பண்ணா மன்னிப்புக் கேட்டுக்குவ. எனக்கு யாரு இருக்கா? கையெழுத்துப் போட்டா போட்டதுதான்."

நாங்கள் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு மின்வெட்டைப் பற்றி. பதினோரு வருடத்தில் வெயிலைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்குமே அதில் விஷயம் போதவில்லை.

அடுத்த வாரம் கார் வரத் தொடங்கியது. வெள்ளைக் கார், ஏ.சி. சரியாக மூன்றே முக்காலுக்கு வந்து மோட்டார்க் கடை வாசலில் நிற்கும். விவாத ஒத்திகைக்காக விழுப்புரம் அழைத்துப் போவார்கள். அண்ணன் கைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, சலவைச் சட்டையில் ஏறிப் போவார். என்னோடு பேச அவர் ஒரு நாளும் கை துடைத்ததில்லை. கார் கிளம்பியதும் நான் முத்திரை எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். முன் சீட்டில்தான் உட்காருவார். சின்னதுரை சார் பின்னாலிருந்து குனிந்து பேசுவார். அண்ணன் சிரித்தது ஒருநாள் கண்ணில் பட்டது. அன்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் முத்திரையில் ஊர் பெயரைத் தப்பாகக் கோத்துவிட்டேன்.

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். எனக்கு இருந்ததெல்லாம் நியாயமான வருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அண்ணன் ஒரு பொன்னாடையோடு திரும்பி வந்தார். அதைக் காயில் மேல் தூசி விழாமல் இருக்கப் போர்த்தினார். அடுத்த வாரம் இன்னொரு பொன்னாடை. அதைப் போர்த்தாமல் மடித்து வைத்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டாள். "ஏங்க, சோத்தக்கூட பாக்காம சாப்புடுறீங்க. என்ன பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க மூஞ்சி இப்பிடி இல்ல. பேசாம அவரையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீங்க" என்றாள்.

"நான் எதுக்குடி அவரு போனா கவலப்படணும்? வேற நாத்திகரே இல்லியா ஊருல?"

வேறு இல்லை. தேடிப் பார்த்தேன். துரைக்கண்ணுவிடமே கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் பதறினான்.

"துரை, சும்மா ஒரு தபா கடவுள் இல்லன்னு சொல்லேன். நான் பதில் சொல்றேன்."

"இன்னிக்கி அமாவாசண்ணா. ஞாயித்துக்கெழம சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னான். பாவம், எனக்காகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். என்னால் வாதத்தைத் தொடர முடியவில்லை.

அப்புறம் ஒரு நாள் கார் டிரைவர் டீ குடிக்க வந்தபோது ஒத்திகையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "உங்காளு ஒரே கேள்வியத்தான் சார் கேட்டுக்கினு இருக்காரு. கடவுளுக்கு எதுக்கு பொறாமன்னு. பெரியவரு வேற எதாச்சும் கேளுங்கன்றாரு, இவரு வுடமாட்டேன்றாரு" என்றான்.

அது என் கேள்வி. என்னிடம் கேட்டது. வாய்தா நிலுவையில் இருக்கும்போது இன்னொருவரிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அன்று கடையை நாலரைக்கே சாத்தினேன்.

இதற்கிடையில் மறுதரப்பும் விழித்துக்கொண்டது. விழுப்புரத்தில் 'சுயசிந்தனை மன்றம்' என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் சித்தார்த்தன் முத்திரை செய்ய என்னிடமே வந்தார். என்ன முத்திரை என்றேன். 'மன்றத்தால் ஏற்கப்பட்ட நாத்திகர்' என்றார்.

"உங்க பக்கத்துக் கடைக்காரர் எங்க மன்றத்துல உறுப்பினர் இல்ல. யாரைக் கேட்டு கடவுள் இல்லன்னு சொல்றாரு? ஆளாளுக்கு அவனவன் புத்தியில தோணுறத சொல்ல ஆரம்பிச்சா சுயசிந்தனை என்னாகிறது?" என்று என்னைக் கேட்டார். மேடையில் ஏறும் முன் மன்றத்தில் சேர வேண்டும், ராமர் பெயரையும் மாற்ற வேண்டும் என்று அண்ணனுக்குக் கடிதம் கொடுத்தார்கள். சேர்வதற்கு அவர்களிடமும் ஒரு படிவம் இருந்தது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் பரிந்துரைக்க வேண்டும். அண்ணன் பெயரை மாற்ற மறுத்தார். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 'கோ. பாணி' என்று சுருக்கிக்கொள்ள இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. முத்திரை செய்துகொடுத்தேன்.

விவாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை பத்து முதல் ஒரு மணி வரை. 'கொண்டுவந்தவர்' என்ற முறையில் எனக்கு வாசலில் ஒரு மேசை. வருகிறவர்களின் அழைப்பிதழில் 'கலந்துகொண்டார்' என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாதவர்களுக்குப் பிரியாணி கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். அதனால் கூட்டம் முழுக்க என் மேசையில்தான் இருந்தது. பலர் குத்தி வாங்கியதும் நேராகப் பந்தியில் இடம் பிடிக்கப் போனார்கள்.

உள்ளே தொடக்க ஜெபம். பிறகு குத்துவிளக்கு. ஐந்தாம் திரியைப் பதிவு பெற்ற நாத்திகர் ஏற்றினார். வரவேற்புரை, அதற்கு நன்றி, நன்றிக்குப் பொன்னாடை. பதினொன்றே காலுக்குச் சின்னதுரை சார் எழுந்தார். வாசல் வரை கேட்டது.

"அன்பானவர்களே, நாத்திக அன்பர்களை நாம் பொறுமையோடு கேட்க வேண்டும். கேட்பதுதான் உரையாடலின் உயிர். கேட்பதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசப்போகிறேன். தயவுசெய்து யாரும் குறுக்கிட வேண்டாம்."

யாரும் குறுக்கிடவில்லை. ஒன்றே கால் மணி நேரம் பேசினார். அடுத்து சித்தார்த்தன். "எங்கள் மன்றத்தில் யாரும் எதையும் கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்வி என்பதை மாவட்டக் குழு அச்சடித்துக் கொடுத்திருக்கிறது" என்று தொடங்கி, அச்சடித்த கேள்விகளை வாசித்து, எல்லாவற்றுக்கும் அவரே பதிலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கோதண்டபாணி அண்ணன் கையில் மைக் வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. பிரியாணியின் வாசனை மண்டபத்துக்குள் வந்துவிட்டது. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

"எல்லாம் வச்சினு இருக்கிறவருக்கு எதுக்குங்க பொறாம?"

சின்னதுரை சார் கோப்புகளைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். "நல்ல கேள்வி," என்றார். "ஆனால் இது மூன்றாம் அமர்வில் வருகிறது. மூன்றாம் அமர்வு அடுத்த ஆண்டு. முதல் அமர்வுக்கு உரிய கேள்வி ஏதாவது இருந்தால் கேளுங்கள்."

அண்ணன் மைக்கைப் பிடித்தபடி வாசல் பக்கம் பார்த்தார். மண்டபத்தின் அத்தனை தலைகளுக்கு மேலே என்னைத்தான் தேடினார் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து கையை ஆட்ட நினைத்தேன். என் முன்னால் நாற்பது அழைப்பிதழ்கள் நீண்டிருந்தன. "ஜல்தி குத்துய்யா, பந்தி ஆரம்பிச்சிட்டான்" என்று ஒருவர் என் கையையே பிடித்து மைத் தட்டில் அழுத்தினார். நான் நிமிர்ந்தபோது மேடையில் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேடயங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. இரண்டிலும் 'வெற்றி' என்றிருந்தது.

விவாதம் மகத்தான பலனளித்ததாக இரு தரப்பும் அறிக்கை விட்டன. உற்சாகத்தில் பணிக்குழு அடுத்த முடிவை எடுத்தது. பதிவு பெற்ற நாத்திகர் நாற்பத்து மூன்று பங்குகளுக்கும் பயணம் செய்வார். பங்குக்கு இரண்டு வாரம். திருவிழா விடுமுறையெல்லாம் சேர்த்து முடிய இரண்டு வருடம் ஆகும். ராஜாமணி ஃபாதர் சந்தோஷமாக இதைச் சொன்னார். "நம்ம பங்குக்கு எவ்வளவு பெருமை பாருங்க சகாயம்!"

"நம்ம பங்குக்கு எப்ப வருவாருங்க சாமி?"

"நம்ம ஆள்தானே. கடைசியா வெச்சிருக்காங்க."

இரண்டு வருடம். அன்று கடைக்கு வந்து எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடையில் வேலை இருந்தது. உடம்பு நன்றாக இருந்தது. ஜெசிந்தா அன்று மீன் குழம்பு வைத்து அனுப்பியிருந்தாள். அப்படியும் நான் ஒன்றுமில்லாதவன் போல உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கோதண்டபாணி அண்ணன் என் கடைப் படி ஏறினார். கை முழுக்கக் கறுப்பு. துடைக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். பணிக்குழுவின் நீக்கல் படிவம்.

"பேஜாரா இருக்குதுப்பா. பதிவிலேர்ந்து எடுத்துடுங்கன்னு கேட்டேன். இதக் குடுத்தாங்க. காரணம் மூணுதான் போட்டிருக்குது. நீயே பாரு."

பார்த்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கும் படிவத்தைத் திருத்தியது. ஒன்று மரணம். இரண்டு மனமாற்றம். மூன்று இடமாற்றம்.

"மொதலு ஆவல. ரெண்டாவது நடக்காது. மூணாவதத்தான் போட்டிருக்கேன்."

எங்கிருந்து என்ற கட்டத்தில் 'விழுப்புரம் மேடை' என்று எழுதியிருந்தார். எங்கே என்ற கட்டத்தில் 'துரைக்கண்ணு டீக்கடை பெஞ்ச்'. கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது: செயலாளரின் ஏற்பு முத்திரை.

"அத எப்ப குத்துவாராம்?" என்றேன்.

"அடுத்த கூட்டத்துல பாக்குறாராம். கூட்டம் கிறிஸ்மஸ் முடிஞ்சிதானாம்."

என் மேசை இழுப்பறையில் ஒரு முத்திரை இருந்தது. 'ஏற்கப்பட்டது – செயலாளர், நாத்திகர் உரையாடல் பணிக்குழு.' பழையது தேய்ந்துவிட்டது என்று சின்னதுரை சார் புதிதாகச் செய்யச் சொன்னது. முந்தின நாள்தான் பிடி ஒட்டினேன். நாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் பிறர் முத்திரையை நான் குத்தியதில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரையைக் கொடுக்கும் முன் எழுத்து சரியாக விழுகிறதா என்று கையில் கிடைக்கிற காகிதத்தில் ஒருமுறை குத்திப் பார்ப்போம். கையில் ஒரு காகிதம் கிடைத்திருந்தது.

குத்தினேன். எழுத்து சரியாக விழுந்தது.

"கள்ள சீலா?" என்றார் அண்ணன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவருக்கு இதெல்லாம் பிடிக்காது.

"நல்ல சீலுதாண்ணா. அவரோடதுதான். மாதிரி பாத்தேன். அத அவங்க ஃபைல்ல நீ கொண்டுபோய் வச்சா, அங்க எவனும் படிக்கமாட்டான்."

அவர் மை காய ஒருமுறை ஊதினார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா, டீ சாப்புடலாம்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். துரைக்கண்ணு கேட்காமலே இரண்டு கிளாஸ் வைத்தான்.

"உன் வாய்தா முடிஞ்சி மாசக்கணக்கா ஆவுது," என்றார் அண்ணன்.

"அந்தக் கேள்விய நீ அவருகிட்ட கேட்டல்ல?"

"கேட்டேன். அவரு பதில் சொல்லிட்டா ஓடியாந்து உன்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீ முழிச்சினு போனியே அன்னிக்கி."

நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, எனக்கு கட இருக்குது. ஜெசிந்தா இருக்கா. மூணு வேள சோறு இருக்குது. எதுவும் கம்மி கிடையாது. அப்பிடியும் நீ அந்தக் கார்ல ஏறிக்கினு போறப்ப எனக்கு பத்திக்கினு எரிஞ்சிது. நீ அந்தாளுகூட சிரிச்சப்ப கார் கண்ணாடிய ஒடைக்கலாம்னு தோணிச்சி. இல்லாததுனால வரல அது. எல்லாம் இருந்தும், நீ வேற எடத்துல இருந்த. அவ்ளோதான்."

அண்ணன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அப்ப உன் கடவுளும் உன்ன மாதிரியே அல்பம்னு சொல்ற."

"அவ்ளோ அல்பமா இருந்தாத்தாண்ணா என்னால நம்ப முடியுது. கோப்பு வச்சினு ஒக்காந்திருக்கிறவர்னா, நானும் உன் பக்கம் வந்துடுவேன்."

ஒரு லாரி மேம்பாலத்தின் மேலே போனது. அண்ணன் அது போய் முடிகிற வரை காத்திருந்தார்.

"ஒத்துக்க முடியாது," என்றார். "ஆனா பதிலுன்னு எடுத்துக்கிறேன். நாளைக்கி இதவிடப் பெருசா ஒண்ணு வச்சிருக்கேன். நல்லா படிச்சிட்டு வா."

கேள்வி என்னவென்று நான் கேட்கவில்லை. அதை இதற்கு முன் வேறு யாரிடமாவது கேட்டிருக்கிறாரா என்பதை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.